ஹோர்ட்டன் சமவெளி: மூடுபனிக்கு முன்னால் உலக முடிவைப் பார்த்துத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

நுவரெலியாப் பக்கம் இருக்கிறேன் என்பதாலேயே, கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சொந்தக்காரர் யார் வந்தாலும் ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பான உலக முடிவுக்குக் கூட்டிப்போகிற வேலை என் தலையில்தான் விழும். மழையில், வெயிலில், புல்லில் பனி உறைந்து கிடந்த விடியலில் என்று எல்லாக் காலத்திலும் நடந்தாயிற்று. காட்டைப் பற்றி நான் கற்றதைவிட ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத்தான் அதிகம் கற்றேன். பாதி பேர் காட்டுக்குள் சறுக்குவதே இல்லை, முதல் நாள் இரவு "ஆறு மணிக்கு எழும்பினால் போதாதா?" என்று கேட்கும்போதே சறுக்கிவிடுகிறார்கள்.

நடக்கும் தூரம் பெரிதில்லை. ஃபார் இன் என்ற இடத்தில் தொடங்கி சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி அதே இடத்துக்கு வர ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். பழகியவருக்கு மூன்று மணித்தியாலம், புதியவர்களோடு நாலு, பிள்ளைகளும் இருந்தால் நாலரை. கஷ்டம் தூரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

நாள் குறித்து, வேன் பேசி, அறையும் எடுத்த பிறகு "மழை வருமா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். வரிசையை மாற்றுங்கள். மாதத்தைத் தெரிந்துகொண்டால்தான் உடுப்பு, புறப்படும் நேரம், எதிர்பார்ப்பு மூன்றையும் முடிவு செய்யலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வானம் பெரும்பாலும் தெளிவு, பாதை காய்ந்திருக்கும். ஆனால் ஜனவரி, பெப்ரவரி விடியலில் குளிர் சில நாள் பூச்சியத்தைத் தொடும், அதற்குக் கீழேயும் போகும். புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைந்திருப்பதைப் பார்த்து "ஐயோ ஸ்னோ!" என்று வேனிலிருந்து குதித்த மச்சானுக்குக் காலில் வெறும் ரப்பர் செருப்பு. பத்து நிமிடத்தில் திரும்பி வேனுக்குள் ஏறிவிட்டான். இதே மாதங்களில் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், ஒரு சிகரெட் துண்டு போதும் சரிவு முழுக்கப் பற்ற. புகைக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை நுழைவாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

ஏப்ரலில் காலை நன்றாக இருந்தாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு மழை கொட்டும். அதைவிடப் பெரிய தொல்லை கூட்டம். நுவரெலியா வசந்த காலமும் புத்தாண்டு விடுமுறையும் ஒன்றாக வருவதால் டிக்கெட் வரிசையிலேயே ஒரு மணித்தியாலம் போகலாம். முடிந்தால் வாரநாளில் போங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட வார இறுதியை மட்டும் தவிருங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழையைவிடக் காற்றுக்குத்தான் நான் பயப்படுவேன். ஜூன், ஜூலையில் திறந்த புல்வெளியில் ஆளை ஒரு பக்கமாகத் தள்ளும், அந்த மாதங்களில் குடை கொண்டுபோனவர்கள் கம்பியை மட்டும் திருப்பிக் கொண்டுவருவார்கள். விடியலிலேயே மூடுபனி படுத்திருக்கிற நாட்களும் உண்டு. காட்சி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, காட்டுக்காகப் போகிறவர்கள் மட்டும் போகலாம். பாசி பிடித்த மரங்களுக்கு அதுதான் பருவம்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர மழை கிட்டத்தட்ட நிச்சயம், பாதை சேறு. டிசம்பர் இரண்டுங்கெட்டான்: ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் கண்ணாடி போல வானம். முந்தின இரண்டு நாள் எப்படி இருந்தது என்று நுவரெலியாவில் தங்கும் இடத்திலேயே விசாரியுங்கள். ஃபோனில் காட்டும் வானிலை நகரத்துக்குச் சரியாக இருக்கும். சமவெளி நகரத்தைவிட இன்னும் மேலே, 2,100 மீற்றருக்கு மேல், கிடக்கிறது.

2. முதல் நாள் இரவு பக்கத்தில் தங்குங்கள்

கொழும்பிலிருந்து அதே நாளில் வந்து நடந்து திரும்புவது வேண்டாம். ராத்திரி முழுக்க வளைவில் ஆடி வந்தவர் விடியற்காலையில் வாந்தி எடுத்துவிட்டு ஒன்பதரைக் கிலோமீற்றர் நடப்பதா?

நுவரெலியாவில் தங்கலாம். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர், இருட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. ரயிலில் வருகிறவர்கள் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கித் தங்கலாம். பட்டிப்பொல நாட்டின் ஆக உயரமான ரயில் நிலையம், 1,891 மீற்றர். ஒஹிய நிலையத்திலிருந்து ஃபார் இன் வரை பதினொரு கிலோமீற்றர் ஏற்றம். வரைபடத்தில் பார்த்துவிட்டு "நடந்தே போகலாமே" என்று ஒருவர் கிளம்பினார், மேலே வந்து சேர்ந்தபோது காட்சியும் இல்லை, காலும் இல்லை. ஓட்டோவோ வேனோ முதல் நாள் மாலையே பேசி வையுங்கள். விடியற்காலை நாலரைக்கு வீதியில் வண்டி பிடிக்க முடியாது.

ஓட்டுநரிடம் நேரத்தைச் சொல்லும்போது கால் மணித்தியாலம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருமுறை நான் பேசிய வேன் நாலரைக்கு வரவேண்டியது, ஐந்தேகாலுக்கு வந்தது. அன்று நாங்கள் பார்த்தது வெள்ளைச் சுவர்.

3. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

உலக முடிவு என்பது சமவெளி திடீரென்று அறுந்து, ஏறக்குறைய 870 மீற்றர் கீழே விழுகிற விளிம்பு. வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள பள்ளத்தாக்கு சூடாகும். அங்கிருக்கும் ஈரக்காற்று பாறைச் சுவரோடு மேலே ஏறும், ஏறும்போதே குளிர்ந்து மூடுபனியாக மாறும். அது விளிம்பை எட்டுவது வழக்கமாக ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் முன்னால் பால் ஊற்றின மாதிரித்தான். இது துரதிர்ஷ்டம் இல்லை, அன்றாடம் நடக்கிற வேலை.

ஆகவே எட்டேகாலுக்கு விளிம்பில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார் இன்னிலிருந்து அங்கே நாலு கிலோமீற்றர், புதியவர்களோடு ஒன்றரை மணித்தியாலம். அப்படியென்றால் ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்கவேண்டும். நுழைவாயில் ஆறு மணிக்குத் திறக்கும், டிக்கெட், வண்டி நிறுத்துவது, கழிப்பறை, பை சோதனை எல்லாம் சேர்ந்து முக்கால் மணித்தியாலத்தைத் தின்னும். அப்போ ஐந்தே முக்காலுக்கு வாயிலில் வரிசையில் நிற்கவேண்டும், நுவரெலியாவிலிருந்து நாலரைக்குக் கிளம்பவேண்டும், நாலு மணிக்கு எழும்பவேண்டும். இதில் எந்த இடத்திலும் வெட்டிக்குறைக்க முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

ஜனவரி, பெப்ரவரியில் அரை மணித்தியாலம் பிந்தினாலும் தப்பலாம். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது.

4. உடுப்பும் சப்பாத்தும்

ஒரே தடிப்பான ஜக்கட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. ஆறரைக்கு நடுங்குவீர்கள், எட்டுக்கு வியர்ப்பீர்கள், விளிம்பில் நின்றதும் வியர்வை காற்றில் குளிர்ந்து மறுபடி நடுங்குவீர்கள். அடுக்கு இருந்தால் கழற்றிப் போடலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. தொப்பியும் கையுறையும் ஜனவரியில் கட்டாயம், மற்ற மாதங்களில் பையில் கிடக்கட்டும்.

சப்பாத்து புதிதாக இருக்கக்கூடாது, மிகப் பழையதாகவும் இருக்கக்கூடாது. புதியது கொப்புளம் போடும். பழையது என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி: ஐந்து வருடம் அலுமாரியில் கிடந்த சப்பாத்தின் அடி நடுக்காட்டில் கழன்று வந்தது, மிச்சத் தூரத்தைக் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு வாரம் முன்பே போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வாருங்கள், ஒட்டு விட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடியில் பல் இருக்கவேண்டும், ஏனென்றால் காட்டுப் பகுதியில் பாதை வேரும் உருளைக் கல்லும் ஈரக் களிமண்ணும்தான்.

மே முதல் டிசம்பர் வரை இடுப்புக்குக் கீழே இறங்குகிற ரெயின்கோட் ஒன்றும் மாற்றுக் காலுறை ஒரு சோடியும் வேண்டும். வண்டியில் ஒரு முழுச் சோடி காய்ந்த உடுப்பை விட்டுவிட்டுப் போங்கள். நனைந்து திரும்பும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

5. பை: முதலில் பொலித்தீனைக் கழியுங்கள்

நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, பிஸ்கட் சுற்றி வரும் உறை, தண்ணீர்ப் போத்தலின் லேபல்கூட, எதையும் உள்ளே விடமாட்டார்கள். காரணம் மரைகள், இங்கே திரியும் பெரிய மான்கள். சாப்பாட்டு வாசம் பிடித்துக்கொண்டு பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி, குடல் அடைத்துச் செத்துப்போகின்றன.

புதியவர்கள் அங்கே நின்று பத்துப் பக்கெட் பிஸ்கட்டையும் உடைத்து எதில் போடுவது என்று முழிப்பார்கள், பின்னால் வரிசை முறைக்கும், கால் மணித்தியாலம் போய்விடும். முதல் நாள் இரவே ரொட்டியையோ பாணையோ சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள். கடலை, பேரீச்சம்பழம், வாழைப்பழம் போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர், குளிர் காலத்தில் சுடுதண்ணி போத்தலில் இஞ்சி பிளேன்டீ. நடைவழியில் கடை கிடையாது.

சின்ன டோர்ச், கொப்புளத்துக்கு பிளாஸ்டர், வழக்கமாக எடுக்கிற மருந்து. வெயிலுக்குக் கிரீமும் போடுங்கள். குளிருகிறது என்பதால் வெயில் சுடாது என்று நினைத்து, மாலையில் மூக்கு உரிந்து நிற்பவர்களை ஒவ்வொரு பெப்ரவரியும் பார்க்கிறேன்.

6. வாயிலும் ஃபார் இன்னும்

உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சித்தப்பாவை நம் ஆள் என்று சொல்லி உள்ளே கொண்டுபோகப் பார்க்காதீர்கள், அந்த வாதத்தில் உங்கள் ஏழு மணி போய்விடும். ஒரே ஆள் எல்லாருக்குமாகக் காசு கட்டட்டும், மற்றவர்கள் வண்டியிலேயே இருங்கள்.

வாயிலிலிருந்து ஃபார் இன் வரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மரைகள் வீதியில் நிற்கும், எப்போதாவது சிறுத்தையும் கடக்கும். வண்டி நிறுத்தும் இடத்தில் மரை கிட்டே வந்து பையை முகரும். படம் எடுங்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். கழிப்பறை இங்கேதான், இதற்குப் பிறகு சுற்றி வரும்வரை இல்லை. "எனக்கு இப்போ வரவில்லை" என்கிற பிள்ளையையும் அனுப்புங்கள்.

7. எந்தப் பக்கமாகச் சுற்றுவது

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும், பலகை இருக்கும். கூட்டத்தில் பாதி, நீர்வீழ்ச்சிப் பலகையைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. வேண்டாம். நீர்வீழ்ச்சி மத்தியானம் வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும், விளிம்பு இருக்காது. சிறிய உலக முடிவின் பக்கம் போங்கள்.

முதலில் கொஞ்சம் திறந்த புல்வெளி, பிறகு காடு, மறுபடி புல், மறுபடி காடு. தொடங்கின உற்சாகத்தில் ஓடாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து நேற்றுத்தான் வந்தவருக்கு இந்த உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஆக மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள், பின்னால் விட்டால் அவர் பிடித்து வரும்போதெல்லாம் மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள், அவருக்கு மட்டும் ஓய்வே இல்லை.

காட்டுக்குள் மரங்கள் குட்டை, குடை விரித்த மாதிரி உச்சி, கிளையெல்லாம் பாசி. அந்தக் குடைகள் பெரும்பாலும் கீன மரம். கீழே புதராக நிற்பவற்றில் சிங்களத்தில் நெலு என்பது நம் குறிஞ்சியின் இனம்தான், பல வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும்.

மழைக்காலத்தில் சேற்றைத் தவிர்க்கப் பாதை ஓரத்துப் புல்லில் நடக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்க ஒதுங்கப் பாதை அகன்று, புல் செத்து, அடுத்த மழையில் அதுவும் சேறாகும். நடுவிலேயே மிதியுங்கள், சப்பாத்து எப்படியும் நனையத்தான் போகிறது. வேரின் மேல் கால் வைக்காமல் அதைத் தாண்டி வையுங்கள், ஈர வேர் சவர்க்காரம் மாதிரி.

சிறிய உலக முடிவில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவேண்டாம். இங்கேயே படம் எடுத்து நேரத்தைச் செலவழித்துவிட்டு, பெரியதற்குப் போய்ச் சேரும்போது மூடியிருப்பதுதான் இந்தப் பாதையின் ஆகப் பொதுவான பிழை. அதேநேரம் இங்கே நின்று கீழே பாருங்கள்: பள்ளத்தாக்கில் பஞ்சு பஞ்சாக மேகம் கிளம்பத் தொடங்கியிருந்தால் நடையைக் கூட்டுங்கள்.

8. விளிம்பில்

எல்லா இடத்திலும் தடுப்பு வேலி இருக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். விளிம்புக்கு இரண்டு மூன்று மீற்றர் முன்னாலேயே நின்றுவிடுங்கள், காற்று இருக்கிற மாதங்களில் இன்னும் பின்னால். ஈரமான பாறை சறுக்கும், விளிம்பில் தெரியும் புல்லுக்கு அடியில் மண் இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகளின் கையைச் சிறிய உலக முடிவுக்கு முன்பிருந்தே பிடியுங்கள்.

படம் எடுப்பவர் பின்னால் நகரக்கூடாது. 2015இல் வெளிநாட்டுப் பயணி ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னோக்கி நகர்ந்து இங்கே விழுந்தார். கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் பிழைத்தார். எங்கள் வீட்டில் சட்டம்: நின்ற இடத்தில் நின்று படம் எடு, நடக்கும்போது ஃபோன் பையில்.

தெளிவான காலையில் கீழே தேயிலைத் தோட்டத்து லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தீப்பெட்டி மாதிரித் தெரியும், அதற்கப்பால் நீர்த்தேக்கம், மிகத் தெளிவாக இருந்தால் தென்கடலின் கோடும். முதலில் பாருங்கள், பிறகு சாப்பிடுங்கள். சாப்பாட்டைப் பிரித்து முடிப்பதற்குள் காட்சி போய்விட்ட குடும்பங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

9. மூடிவிட்டால்

இருபது நிமிடம் பொறுங்கள். காற்று இருந்தால் மூடுபனி நடுவில் கிழியும், அரை நிமிடம் எல்லாம் தெரிந்து மறுபடி மூடும். ஃபோனைத் தேடாமல் கண்ணால் பார்க்கத் தயாராக இருங்கள். காற்றே இல்லாமல் தடிப்பாக நின்றால், அல்லது உடம்பு நடுங்கத் தொடங்கினால் காத்திருப்பதில் பயனில்லை, நடங்கள்.

"இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போனால் தெரியும்" என்று யாராவது சொன்னால், பிடித்து இழுங்கள். மூடுபனியில் விளிம்பு எங்கே என்பதே தெரியாது. பாதையை விட்டு விலகவும் கூடாது, பத்தடி தள்ளிப் போனாலே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் புல்லாகத் தெரியும்.

10. நீர்வீழ்ச்சி, அப்புறம் திரும்பும் வழி

விளிம்பிலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். இந்தத் துண்டில்தான் ஆட்கள் விழுகிறார்கள். பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று, கவனம் போய்விட்டது, காலும் களைத்துவிட்டது. கிளம்புவதற்கு முன் எல்லாரும் ஏதாவது சாப்பிட்டுத் தண்ணீர் குடியுங்கள், சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

நீர்வீழ்ச்சியைப் பார்க்கச் செங்குத்தாக இறங்கவேண்டும், இறங்கியதை ஏறவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நிற்கலாம், சத்தமே போதும். ஒக்டோபர், நவம்பரில் தண்ணீர் பொங்கி விழும், மார்ச்சில் மெலிந்திருக்கும். எந்த மாதமும் பாறையில் இறங்காதீர்கள், குளிக்கும் எண்ணமும் வேண்டாம். பாசியும் இழுப்பும் மேலே நின்று பார்க்கும்போது தெரியாது.

அதற்குப் பிறகு ஃபார் இன் வரை மூன்றரைக் கிலோமீற்றர், ஓடையை ஒட்டியும் திறந்த புல்வெளியிலும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பதினொரு மணிக்குள் இதைக் கடந்துவிடப் பாருங்கள். இடி இடிக்கும்போது ஆளைவிட உயரமாக எதுவும் இல்லாத புல்வெளியில் நிற்பது நல்லதில்லை. தனி மரத்தின் கீழும் ஒதுங்காதீர்கள்.

11. வண்டிக்குத் திரும்பியதும்

முதலில் ஆட்களை எண்ணுங்கள். அப்புறம் ஈர உடுப்பை மாற்றுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள், பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். ஓட்டுவது உங்களில் ஒருவர் என்றால் அவர் நாலு மணிக்கு எழும்பி ஒன்பதரைக் கிலோமீற்றர் நடந்தவர் என்பதை மறக்கவேண்டாம். அரை மணித்தியாலம் சீட்டைச் சாய்த்துத் தூங்கவிடுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் பட்டிப்பொலவுக்குள்ளேயே கருகின வாசம் வரும்.

சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அடி ஒட்டு விட்டுவிடும், கைலேஞ்சிக் கதை தெரியும்தானே.